பூயாபெஸ்: எண்ணெய் ஏன் பிரிகிறது, மீன் ஏன் உடைகிறது

கேள்வி இது: பிரான்சில் குடியிருக்கும் ஒருவர், மர்சேய் நகரத்தின் பேர்போன மீன் சாறான பூயாபெஸை வீட்டில் இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறார். முதல் முறை சிறு தீயில் நாற்பது நிமிடம் வைத்தார், எண்ணெய் மேலே தனியாக மிதந்தது, அடியில் சாறு தண்ணீராக நின்றது. மறுமுறை மீன் உடைந்து முள்ளும் சதையுமாகக் கலந்துவிட்டது. இரண்டு முறையும் குங்குமப்பூவை வெங்காயம் வதக்கும்போதே எண்ணெயில் போட்டார், போட்ட சுவடே தெரியவில்லை. அடுத்து ஆறு பேருக்கு விருந்து வைக்க வேண்டும். எங்கே தப்பு நடக்கிறது, எந்த மீன் வாங்க வேண்டும், எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று கேட்கிறார்.

முதல் இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். பூயாபெஸ் ஒரே சமையல் போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு சமையல் இருக்கிறது. முதலாவது, விலை குறைந்த சிறு மீன்களைக் கரையக் கரையக் கொதிக்கவைத்து, பிழிந்து வடிக்கும் சாறு. இரண்டாவது, அந்தச் சாறு முழுதாகத் தயாரான பிறகு, அதில் முழு மீன்களைச் சில நிமிடங்கள் மட்டும் வேகவைப்பது. இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் செய்தால், சாறு சரியாகும் வரை காத்திருக்கும்போது மீன் உடையும். மீன் உடையாமல் காப்பாற்றினால் சாறு தண்ணீராக நிற்கும். உங்களுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது.

பெயரிலேயே செய்முறை இருக்கிறது. புரொவான்ஸ் மொழியில் கொதிப்பதற்கும் தணிப்பதற்கும் உள்ள இரண்டு சொற்கள் சேர்ந்துதான் இந்தப் பெயர் வந்தது. கொதிக்கவிடு, பிறகு தணி. மர்சேய் மீனவர்கள், விற்காமல் தங்கிய முள் நிறைந்த பாறை மீன்களைக் கரையிலேயே கொப்பரையில் போட்டுக் காய்ச்சிய உணவு இது. இன்று உணவகங்களில் விலை உயர்ந்த பண்டமாகிவிட்டது. ஆனாலும் சுவையின் அடித்தளம் அந்த விற்காத மீன்தான். வீட்டில் செய்பவர்கள் காசு முழுவதையும் பெரிய மீனில் போட்டுவிட்டு, சாற்றுக்கு வெறும் தண்ணீரோ கடையில் விற்கும் சூப்புக் கட்டியோ போட்டுச் சமாளிக்கிறார்கள். அது தலைகீழான கணக்கு. பட்ஜெட் இடித்தால் பெரிய மீனைக் குறையுங்கள், சிறு மீனில் கை வைக்காதீர்கள்.

மீன் வாங்குவது

மர்சேய் உணவகக்காரர்கள் சிலர் சேர்ந்து 1980-ல் ஒரு சாசனம் எழுதினார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு எதையெதையோ பூயாபெஸ் என்று பரிமாறுவது பெருகியதுதான் காரணம். அந்தச் சாசனம் ஒரு பட்டியலைத் தந்து, அதில் குறைந்தது நான்கு வகை மீனாவது இருக்க வேண்டும் என்கிறது. ரஸ்காஸ் என்னும் முள் நிறைந்த பாறை மீன், வெள்ளை ரஸ்காஸ், வீவ், காலினெத் (மற்ற ஊர்களில் குரோந்தேன்), சேன்-பியேர், லோத், கடல் விலாங்கான கோங்ர் ஆகியவை அந்தப் பட்டியலின் முக்கியப் பெயர்கள். லாங்குஸ்த் என்னும் சிங்கி இறால் விருப்பப்பட்டால் சேர்க்கலாம், கட்டாயமில்லை. மட்டி, சிறு இறால், கணவாய் எதுவும் அதில் இல்லை. படங்களில் கறுப்பு மட்டிகள் நிமிர்ந்து நிற்கும் தட்டைப் பார்த்திருப்பீர்கள். மர்சேய்க்காரர் அதை மறுப்பார், பக்கத்து ஊரான தூலோனில் மட்டியும் உருளைக்கிழங்கும் போடுவது வழக்கம். நீங்கள் மட்டி போடத்தான் வேண்டும் என்றால் தனிப் பாத்திரத்தில் வாய் திறக்கவைத்து, பரிமாறும்போது மேலே வையுங்கள். அது விடும் உப்புநீர் சாற்றின் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஆறு பேருக்கு, முழுதாகப் பரிமாறும் மீன் தலையோடும் முள்ளோடும் சேர்த்து இரண்டரை கிலோ வேண்டும். 600 கிராம் அளவில் ஒரு ரஸ்காஸ், 300 கிராம் அளவில் இரண்டு காலினெத், 600 கிராமில் ஒரு சேன்-பியேர், மூன்று சென்டிமீட்டர் தடிமனில் லோத் துண்டுகள் 400 கிராம், அதே தடிமனில் கோங்ர் துண்டுகள் 400 கிராம் என்று எடுத்தால் கணக்கு ஏறத்தாழ சரியாக வரும். கோங்ர் வாங்கும்போது வயிற்றுக்கு முன்பக்கத் துண்டாகக் கேளுங்கள். வால் பக்கம் முழுக்க நூல் நூலாக முள். தெரியாமல் வாங்கினால் அந்தத் துண்டு சாற்றுக்குத்தான் உதவும்.

சாற்றுக்குத் தனியாக ஒன்றரை கிலோ சிறு பாறை மீன். மீன்கடையில் சூப்புக்கான பாறை மீன் என்று கலந்து விற்பார்கள். கிடைக்காவிட்டால் உறைந்த பொட்டலம் போதும், எப்படியும் அரைபடப்போகும் மீன்தான். அதுவும் இல்லையென்றால் ரஸ்காஸ், காலினெத், சேன்-பியேர் தலைகளும் நடுமுள்ளும் ஒரு கிலோ, கூடவே சிறு நண்டு இரண்டு மூன்று. எண்ணெய்ச் சத்து மிகுந்த மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் தலை எதுவும் வேண்டாம். அவற்றின் கொழுப்பு கொதிக்கக் கொதிக்கக் காறல் வாடை விட்டு, குங்குமப்பூவையும் சோம்பு மணத்தையும் அமுக்கிவிடும்.

சுத்தம் செய்யும்போது இரண்டு எச்சரிக்கை. செவுளை முழுவதும் பிடுங்கி எடுங்கள், சிறு மீனாக இருந்தாலும் சரி. அதில் தங்கும் ரத்தம்தான் சாற்றைக் கசக்கவைத்துச் சாம்பல் நிறமாக்குகிறது. முதுகெலும்பை ஒட்டிய கறுத்த ரத்தக் கோட்டையும் விரல் நகத்தால் சுரண்டிக் கழுவுங்கள். பித்தப்பை உடைந்த மீனைச் சாற்றில் போடவே வேண்டாம். அடுத்தது, ரஸ்காஸ், வீவ் இரண்டுக்கும் முதுகு முள்ளில் நஞ்சு உண்டு. செத்த பிறகும் குத்தும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, கத்தரியால் முதுகு முட்களையும், வீவ் மீனுக்குச் செவுள் மூடியில் உள்ள முள்ளையும் அடியோடு வெட்டிவிடுங்கள். அந்த நஞ்சு சூட்டில் செயலிழந்துவிடும், அதனால் வெந்த மீனில் பயமில்லை. குத்திவிட்டால் கையைச் சுடாத அளவு வெந்நீரில், சுமார் 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். வலி அடங்காவிட்டாலோ மூச்சு, தலைசுற்றல் தொந்தரவு வந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பெரிய மீனை வெட்டாமல் முழுதாக வேகவைப்பதே முறை. எலும்பும் தோலும் சதையைக் கட்டிப் பிடித்திருக்கும். தோலுரித்து முள் எடுத்த துண்டம் கொதிக்கும் சாற்றில் இதழ் இதழாகப் பிரிந்துவிடும். உங்கள் மீன் கரைந்ததற்கு நீங்கள் துண்டம் வாங்கியதும் காரணமாக இருக்கலாம்.

தமிழ்நாட்டுக் கரையில் இருந்து செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய மீனுக்குச் சங்கரா, களவா, கொடுவா, கடல் விலாங்கு எடுக்கலாம். சாற்றுக்குச் சிறு நவரை, களவாத் தலை, சிறு நண்டு. நவரை, பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடும் ரூஜே மீனின் குடும்பம்தான், சாற்றுக்கு அருமையான ருசி தரும். வஞ்சிரம் இதற்கு ஒத்துவராது, அதன் சதை காய்ந்துபோகும், சாற்றுக்குப் பசையும் தராது. பிரெஞ்சு ஆட்சி 1954 வரை நீடித்த புதுச்சேரியின் கிரியோல் வீடுகளில் மீன் புயாபேஸ் என்று ஒன்று செய்வார்கள். அது நம் மசாலா பக்கம் நகர்ந்த வேறொரு பண்டம், மர்சேய் முறையோடு ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சாறு

தேவையானவை: ஆலிவ் எண்ணெய் 150 மில்லி, வெங்காயம் 250 கிராம், லீக்ஸ் (வெங்காயத்தாள் போன்ற தடித்த தண்டு) ஒன்றின் வெள்ளைப் பகுதி, சோம்புச் செடியின் தடித்த வெள்ளை அடித்தண்டு 200 கிராம், பூண்டு எட்டுப் பல், தோலும் விதையும் நீக்கிய நன்கு பழுத்த தக்காளி 400 கிராம், தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி, ஆரஞ்சுத் தோல் விரல் நீளத்தில் இரண்டு பட்டை, பிரிஞ்சி இலை ஒன்று, தைம் இரண்டு கொத்து, பார்ஸ்லித் தண்டு ஒரு பிடி, பஸ்தீஸ் என்னும் சோம்பு மணமுள்ள மது இரண்டு மேசைக்கரண்டி, கொதிக்கும் தண்ணீர் இரண்டரை லிட்டர், கல் உப்பு, குங்குமப்பூ 0.6 கிராம். மது சேர்க்காத வீடுகளில் பஸ்தீஸுக்குப் பதில் ஒரு தேக்கரண்டி சோம்பை நசுக்கிப் போடுங்கள். மணம் ஏறத்தாழ அதுவே. அன்னாசிப்பூ வேண்டாம், அது தனியாகத் தூக்கி நிற்கும்.

தக்காளி அளவைக் கூட்ட வேண்டாம். ஒரு கிலோ வரை போடும் குறிப்புகள் உண்டு, அப்படிப் போட்டால் கடைசியில் கிடைப்பது மீன் வாடை அடிக்கும் தக்காளி சூப்தான். ஆரஞ்சுத் தோலில் வெள்ளைச் சதை ஒட்டியிருக்கக் கூடாது, கசக்கும்.

எட்டு லிட்டர் பிடிக்கும் அகன்ற, அடி கனத்த பாத்திரம் எடுங்கள். எண்ணெயில் வெங்காயம், லீக்ஸ், சோம்புத் தண்டு மூன்றையும் நடுத்தரத் தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வதக்குங்கள். கண்ணாடி போல ஆக வேண்டும், சிவக்கக் கூடாது. சிவந்தால் வரும் இனிப்பு இந்தச் சாற்றில் ஒட்டாது. பூண்டு போட்டு ஒரு நிமிடம், தக்காளியும் விழுதும் போட்டு ஐந்து நிமிடம். பிறகு சிறு மீன்களையும் நண்டையும் கொட்டி, தீயைக் கூட்டி, மரக்கரண்டியால் குத்திக் குத்திக் கிளறுங்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் மீன் உருக்குலைந்து, எண்ணெயோடு சேர்ந்து ஆரஞ்சு நிறக் கூழாகும். பச்சை மீன் வாடை போய் வறுத்த மணம் எழும். அந்த நேரத்தில் பஸ்தீஸ் ஊற்றி அரை நிமிடம் விட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபடி கொதி வரவே பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். அந்தத் தணிந்த நேரத்தில்தான் எண்ணெய் பிரிந்து மேலே ஏறுகிறது.

ஆரஞ்சுத் தோல், இலை, தைம், பார்ஸ்லித் தண்டு எல்லாவற்றையும் நூலால் கட்டிப் போடுங்கள். 12 கிராம் உப்பு. இனி மூடி போடாமல் இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். பிரெஞ்சு முறையில் மீன் சாற்றைப் பொதுவாக மெல்லத் தளும்பக் காய்ச்சுவார்கள், இது விதிவிலக்கு. காரணம் உண்டு. மற்ற சாறுகள் தெளிவாக இருக்க வேண்டும், இது கலங்கலாக இருக்க வேண்டும். வேகமான கொதிப்பு எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைக்கிறது. மீன் தலையிலும் தோலிலும் இருந்து கரையும் பசை, அதாவது ஜெலட்டின், அந்தத் துளிகளைச் சுற்றிக்கொண்டு அவை மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் எண்ணெய் மிதக்கும்: கொதி வேகம், தலை-தோலின் பசை, தொடக்கத்திலிருந்தே உள்ளே இருக்கும் எண்ணெய். உங்கள் முதல் முயற்சியில் சிறு தீயில் நாற்பது நிமிடம் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வேகமும் இல்லை, நேரமும் அதிகம். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் முள் சுண்ணாம்புக் கசப்பைச் சாற்றில் இறக்கும். இறைச்சி எலும்பு போல மணிக்கணக்கில் காய்ச்சும் சமாசாரம் இல்லை இது.

வீட்டு அடுப்பில் இரண்டரை லிட்டரைத் தளதளக்கவைப்பது சில சமயம் முடியாது, முக்கியமாகப் பழைய மின்தகட்டு அடுப்புகளில். அப்படியானால் இரண்டு பாத்திரத்தில் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். பெரிய அண்டாவைச் சின்ன அடுப்பில் ஏற்றினால் நடுவில் மட்டும் குமிழி வரும், ஓரம் அசையாது, எண்ணெய் ஓரத்தில் போய் ஒதுங்கும்.

கொதித்து முடிந்ததும் மூலிகைக் கட்டை எடுத்துவிடுங்கள். அதோடு அரைத்தால் கசக்கும். இப்போது பிழிவது. இதற்குச் சரியான கருவி, கைப்பிடியைச் சுற்றினால் துளைத் தட்டின் வழியே மசித்துத் தள்ளும் காய்கறி மசிப்பான். பிரெஞ்சு வீடுகளில் அநேகமாக இருக்கும். நடுத்தரத் துளைத் தட்டு போட்டு, அவ்வப்போது ஒரு கரண்டி சூடான சாறு ஊற்றிச் சுற்றுங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள். முள்ளும் நண்டு ஓடும் பொடியாகிச் சல்லடையில் நிற்காமல் சாற்றோடு வந்துவிடும், நாக்கில் நறநறக்கும், நிறமும் சாம்பலாக மங்கும். மசிப்பான் இல்லையென்றால் கனத்த சல்லடையில் கொட்டி, மத்தாலோ கரண்டி முதுகாலோ அழுத்திப் பிழிவதுதான் வழி. கை வலிக்கும், ஆனால் விட்டுவிடாதீர்கள். சாற்றின் உடம்பு அந்த மசியலில்தான் இருக்கிறது. கடைசியில் மிஞ்சும் சக்கை ஈர மரத்தூள் போல உதிர வேண்டும். கையில் எடுத்து அமுக்கினால் இன்னும் சாறு சொட்டுகிறது என்றால் வேலை முடியவில்லை என்று பொருள். பிறகு மெல்லிய சல்லடையில் ஒருமுறை வடித்துவிட்டால் சுமார் இரண்டு லிட்டர் சாறு நிற்கும்.

பதம்: பருப்புத் தண்ணீர் அளவு கெட்டி, செங்கல் கலந்த ஆரஞ்சு நிறம், கரண்டி முதுகில் மெல்லிய படலமாக ஒட்டும். நீர்த்துப்போயிருந்தால் இன்னும் ஐந்து பத்து நிமிடம் வேகமாகக் கொதிக்கவைத்து வற்றவிடுங்கள். முள் இல்லாததால் இப்போது கசக்காது. சோளமாவு, மைதா, பாலேடு எதுவும் சேர்க்க வேண்டாம். உப்பை இந்தக் கட்டத்தில் சுவை பார்த்துச் சரிசெய்யுங்கள், முன்னால் அல்ல.

அப்படியும் எண்ணெய் மிதந்தால்? வடித்த சாற்றின் மேல்பகுதியை மிதக்கும் எண்ணெயோடு 300 மில்லி எடுத்து, வெந்த உருளைக்கிழங்கு ஒரு துண்டு சேர்த்து மிக்ஸியில் ஒரு நிமிடம் அடித்து, கொதிக்கும் சாற்றில் திரும்ப ஊற்றுங்கள். சேர்ந்துவிடும். இந்த நேரத்தில் மிக்ஸி பாதகமில்லை, முள்தான் போய்விட்டதே.

இந்தச் சாற்றை முதல் நாளே செய்து வைத்துவிடலாம். ருசி இன்னும் சேரும், விருந்தன்று வேலை பாதியாகும்.

குங்குமப்பூ

பிரான்சில் கடையில் விற்கும் சின்னப் பொட்டலப் பொடியில் பெரும்பாலும் 0.1 கிராம்தான் இருக்கும். இரண்டரை லிட்டருக்கு ஒரு பொட்டலம் போட்டால் தெரியாமல் போவதில் வியப்பில்லை. இரண்டாவது, நீங்கள் வெங்காயம் வதக்கும்போதே எண்ணெயில் போட்டிருக்கிறீர்கள். குங்குமப்பூவின் நிறத்தைத் தரும் பொருள் எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். மணமோ சூட்டில் பறந்துவிடும். ஆக எண்ணெயில் போட்டால் நிறமும் இறங்காது, மணமும் தங்காது.

பொடி வாங்காமல் இழையாக வாங்குங்கள். ஒரு இழையை வெதுவெதுப்பான நீரில் போட்டால் மஞ்சள் மெல்லக் கசிய வேண்டும், இழை சிவப்பாகவே இருக்க வேண்டும். போட்டவுடன் நீர் சிவந்து இழை வெளுத்தால் சாயம். 0.6 கிராமையும் சிறு உரலில் ஒரு சிட்டிகை உப்போடு நுணுக்கி, மூன்றாகப் பிரியுங்கள். பாதி, அதாவது 0.3 கிராம், கால் கோப்பை வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறி, வடித்த சாற்றில் சேரும். 0.2 கிராம் மீன் ஊறவைக்க. 0.1 கிராம் ரூயிக்கு.

ரூயி

ரூயி என்றால் துரு. நிறத்தால் வந்த பெயர். வறட்டிய ரொட்டியில் தடவி, சாற்றில் மிதக்கவிட்டுச் சாப்பிடும் பூண்டுக் குழைவு இது. நான்கு பல் பூண்டை நடுவே பிளந்து, உள்ளே பச்சை முளை இருந்தால் எடுத்துவிடுங்கள். கல் உரலில் பூண்டு, கால் தேக்கரண்டி கல் உப்பு, விதை நீக்கி ஊறவைத்த ஒரு காய்ந்த மிளகாய் மூன்றையும் மையாக அரையுங்கள். சாற்றில் நனைத்துப் பிழிந்த ரொட்டியின் உட்பகுதி 30 கிராம், ரூயிக்கு ஒதுக்கிய குங்குமப்பூ, இரண்டு முட்டை மஞ்சள் கரு சேர்த்துக் குழையுங்கள். பிறகு 200 மில்லி எண்ணெயை, முதல் இரண்டு மேசைக்கரண்டி சொட்டுச் சொட்டாக, அதன் பின் நூலாக விட்டுக்கொண்டே ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். உலக்கை நிமிர்ந்து நிற்கும் அளவு கெட்டியாகும்.

முட்டையும் எண்ணெயும் அறைச் சூட்டில் இருக்கட்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கருவோடு செய்தால் திரியக்கூடும். திரிந்துவிட்டால் கொட்ட வேண்டாம். வேறு கிண்ணத்தில் புதிய மஞ்சள் கரு ஒன்றும் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான சாறும் எடுத்து, திரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்த்துச் சுற்றினால் கூடிவிடும். மிக்ஸியில் செய்வதாக இருந்தால் முதல் தர ஆலிவ் எண்ணெயை மட்டும் பயன்படுத்தாதீர்கள், கத்தி வேகத்தில் அது கசந்துவிடும். பாதிக்கு மேல் சூரியகாந்தி எண்ணெய் வையுங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் விருந்தில் இருந்தால் பச்சை முட்டை வேண்டாம். சாற்றில் வெந்த உருளைக்கிழங்கு 120 கிராமை முட்டைக்கும் ரொட்டிக்கும் பதிலாக மசித்து எண்ணெய் சேர்த்தாலும் நல்ல ரூயி வரும்.

பகெத் ரொட்டியை ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி, 150 டிகிரியில் இருபது நிமிடம் ஓவனில் வறட்டுங்கள். பொன்னிறத்துக்குக் காத்திருக்க வேண்டாம், ஈரம் போனால் சரி. ஈரம் இருந்தால் சாற்றில் விழுந்ததும் கூழாகிவிடும். மேலே பச்சைப் பூண்டுப் பல்லைத் தேயுங்கள், ரொட்டியின் சொரசொரப்பே பூண்டைத் துருவிக்கொள்ளும்.

மீன் வேகும் நேரம்

பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மீன்களை ஒரு தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி பஸ்தீஸ், குங்குமப்பூ 0.2 கிராம் தடவிக் குளிர்பெட்டியில் வையுங்கள். எலுமிச்சை வேண்டாம். உப்பும் இப்போது வேண்டாம். கடைசி இருபது நிமிடம் வெளியே எடுத்து வைத்தால் குளிர் கொஞ்சம் குறையும். ஐஸ் போலிருக்கும் இரண்டரை கிலோ மீனைச் சாற்றில் இறக்கினால் கொதி அப்படியே படுத்துவிடும், வேகும் நேரக் கணக்கு எல்லாம் தவறிப்போகும்.

உருளைக்கிழங்கு போடலாமா கூடாதா என்று மர்சேயிலேயே தகராறு உண்டு. போடுங்கள் என்பது இங்கே சொல்லும் பதில். ருசிக்காக மட்டும் இல்லை, 800 கிராம் கிழங்கை ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டிப் பாத்திரத்தின் அடியில் பரப்பினால் மீன் அடியில் ஒட்டாமல் மெத்தை போல் தாங்கும். சார்லோட் போன்ற வழுவழுப்பான வகை வேண்டும். மாவாக உதிரும் கிழங்கு கரைந்து சாற்றைக் கஞ்சியாக்கிவிடும்.

குறைந்தது 32 சென்டிமீட்டர் அகலமான, உயரம் குறைந்த பாத்திரத்தில் கிழங்கைப் பரப்பி, சாற்றை ஊற்றி, தளதளவென்று கொதித்ததும் பத்து நிமிடம் வேகவிடுங்கள். இப்போது கெட்டிச் சதை மீன்கள்: ரஸ்காஸும் கோங்ரும் முதலில். இரண்டு நிமிடம் கழித்து லோத், அதற்கும் இரண்டு நிமிடம் கழித்துக் காலினெத். இந்த முதல் ஐந்து நிமிடம் தீ முழு வேகத்தில் இருக்கட்டும், மேலே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுற்றி விடுங்கள். பிறகு மென்மையான சேன்-பியேரை வைத்து, தீயைத் தணித்து, சாறு சிமிட்டும் அளவில் எட்டு நிமிடம். பெயரில் உள்ள கொதித்தலும் தணித்தலும் இந்த இடத்தில் கையில் வருகிறது. மொத்தக் கணக்கு: 600 கிராம் ரஸ்காஸுக்கும் கோங்ர் துண்டுக்கும் பதின்மூன்று, பதினான்கு நிமிடம், லோத் துண்டுக்குப் பத்து, பதினொன்று, 300 கிராம் காலினெத்துக்கு ஒன்பது, முழு சேன்-பியேருக்கு எட்டு. வீவ் கிடைத்திருந்தால், 200 கிராம் மீன், ஆறு நிமிடம் போதும். மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாக வேகவையுங்கள். கரண்டியால் கிளறவே வேண்டாம், மேலே தெரியும் சதைக்குச் சாற்றைக் கோரிக் கோரி ஊற்றினால் போதும்.

வெந்ததை எப்படி அறிவது? கண் வெண்மணியாகி வெளியே துருத்தும். தலைக்குப் பின்னால் தடித்த இடத்தில் மெல்லிய கத்தி முனையை எலும்பு வரை இறக்கித் திருப்பினால், சதை எலும்பைவிட்டு லேசாக விலக வேண்டும், ஆனால் எலும்போரம் மெல்லிய இளஞ்சிவப்பு இன்னும் இருக்கலாம். தட்டுக்கு வரும் நேரத்தில் அது தானாக வெந்துவிடும். வெப்பமானி வைத்திருந்தால் எலும்போரம் 60 டிகிரி. தானாக உதிரும் வரை வைத்தால் காலம் கடந்துவிட்டது.

இரண்டு துளைக்கரண்டியால் அடியிலிருந்து ஏந்தி மீனைத் தாம்பாளத்துக்கு மாற்றி, கிழங்கைச் சுற்றிலும் அடுக்கி, ஒரு கரண்டி சாறு ஊற்றி மூடி வையுங்கள். மர்சேய் முறையில் முதலில் சாறும் ரொட்டியும் ரூயியும்தான் மேசைக்கு வரும். அடுத்து முழு மீன்களைத் தாம்பாளத்தோடு விருந்தினர் பார்க்கக் கொண்டுவந்து, அவர்கள் முன்னாலேயே முள் பிரித்துத் தட்டில் வைத்து, மேலே மறுபடி கொதிக்கும் சாறு ஊற்றுவார்கள். வீட்டிலும் அப்படியே செய்யலாம். சாறு குடித்து முடிக்கும் பத்து நிமிடத்தில் மீனை நீங்கள் அடுக்களையில் நிதானமாகப் பிரித்துவிடலாம். ரஸ்காஸின் கன்னச் சதையை விட்டுவிடாதீர்கள், மீனிலேயே ருசியான இரண்டு கவளம் அது.

பாறை மீன் எந்த வகையிலும் கிடைக்காத ஊரில் இருந்தால், பூயாபெஸை வற்புறுத்தாமல் செத் நகரத்து பூரீத் செய்யுங்கள். அதற்கு லோத் மட்டும் போதும், குங்குமப்பூவும் வேண்டாம். லீக்ஸ், கேரட், வெள்ளை ஒயின் சேர்த்த எளிய சாற்றில் மீனை வேகவைத்து எடுத்துவிட்டு, சாற்றை அடுப்பிலிருந்து இறக்கி, பூண்டு, மஞ்சள் கரு, ஆலிவ் எண்ணெய் சேர்த்த அயோலியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடித்துச் சேர்ப்பார்கள். திரும்பச் சூடேற்றும்போது கொதி வரக் கூடாது, 80 டிகிரியைத் தாண்டினால் முட்டை திரிதிரியாகிவிடும்.

மிச்சம் வந்தால் சாற்றையும் மீனையும் பிரித்து வையுங்கள். சாறு குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும், உறையவைத்தால் இரண்டு மாதம். குளிர்ந்ததும் அது ஜெல்லி போல் உறைந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் தலையும் தோலும் போதிய பசை விட்டிருக்கிறது. மறுநாள் அதைக் கொதிக்கவைத்து மெல்லிய சேமியா ஒரு பிடி போட்டு எடுக்கலாம். மீனை மறுபடி கொதிக்கவைக்காமல் முள் நீக்கி உதிர்த்து, அடுப்பை அணைத்த பிறகு சாற்றில் சேர்த்தால் அந்தச் சூடே அதற்குப் போதும். மிஞ்சிய ரூயியை மட்டும் அன்றே தீர்த்துவிடுங்கள். பச்சை முட்டை சேர்ந்தது, மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.